புதுசா எச்ஓடி (டிபார்ட்மென்ட் தலைவர்) ஆகியிருக்கீங்களா? மெடிக்கல் காலேஜ்ல ஒரு டிபார்ட்மென்ட்ட நடத்துறது எப்படி

போன மாசம் ஒரு சாயங்காலம் என்கிட்ட பிஜி (எம்டி மாதிரி மேல்படிப்பு) படிச்ச பொண்ணு ஒருத்தி போன் பண்ணா. "மேடம், எச்ஓடி ஆர்டர் வந்திருக்கு, திங்கக்கிழமை சார்ஜ் எடுக்கணும், கை நடுங்குது மேடம்"னு சொல்றா. ராத்திரி ரெண்டு மணிக்கு 900 கிராம் குழந்தைக்கு தொப்புள்ல லைன் போடும்போது நடுங்காத கை அது, பக்கத்துல நின்னு பார்த்தவ நான். எம்பிபிஎஸ்ஸுக்கு அஞ்சரை வருஷம், எம்டிக்கு மூணு வருஷம்னு நம்மள படிக்க வைக்கிறாங்க, ஆனா ஒரு டிபார்ட்மென்ட்ட எப்படி நடத்துறதுன்னு யாரும் ஒரு நாள் கூட உட்கார வச்சு சொல்லித் தர்றதில்ல. சீனியாரிட்டி வந்தா ஆர்டர் வரும், ஆர்டர் வந்தா நாற்காலி, அவ்ளோதான்.

நான் குழந்தைகள் நலத்துறையில ரெண்டு அரசு மெடிக்கல் காலேஜ்ல எச்ஓடியா இருந்தேன், நடுவுல சில வருஷம் மெடிக்கல் எஜுகேஷன் யூனிட்டையும் சேர்த்துப் பார்த்துக்கிட்டேன். அவகிட்ட அன்னைக்கு ஒரு மணி நேரம் பேசினதத்தான் கொஞ்சம் விரிச்சு இங்க எழுதுறேன், தமிழ்நாட்டு அரசு காலேஜ மனசுல வச்சுத்தான் எழுதுறேன், பிரைவேட்ல இருக்கிறவங்க உங்க இடத்துக்குத் தக்கபடி மாத்திக்கோங்க.

நான் பார்த்த வரைக்கும், நல்லா படிச்ச, நேர்மையான, பசங்க மேல உயிரா இருந்த எத்தனையோ பேர் எச்ஓடி நாற்காலியில உட்கார்ந்ததும் தடுமாறியிருக்காங்க. அவங்க திறமைக்கு ஒரு குறையும் கிடையாது. பேஷன்ட்டும் ஸ்டூடன்ட்டும் சேர்ந்து இருக்கிற அந்த பெட்டு பக்கத்துல இருந்து அவங்கள நூறு விஷயம் வெளிய இழுத்துட்டுப் போயிடுது. எந்த எச்ஓடி அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து நிக்க வழி பண்ணிக்கிறாரோ அவர் டிபார்ட்மென்ட் நல்லா நடக்குது. அதனால கீழ நான் சொல்ற எல்லாமே, உங்கள எது இழுக்குது, அத எப்படி கட்டுப்படுத்துறதுங்கிறது பத்தித்தான்.

முதல் ரெண்டு வாரம் எதையும் மாத்தாதீங்க, எழுதி வைங்க

ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிக்கோங்க. காலையில எட்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் எங்க இருந்தீங்க, யாரு கூப்பிட்டாங்க, எதுக்கு கூப்பிட்டாங்கன்னு ஒரு வரி ஒரு வரியா எழுதுங்க. ரெண்டு வாரம் எழுதினா போதும்.

நான் எழுதினப்ப ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருந்துச்சு. ஒன்பதரைக்கு வார்டுல கிளினிக்கல் கிளாஸ், ஒரே ஒரு கட்டில், அதுல ஒரு எட்டு மாசக் குழந்தை, அம்மா மடியில வச்சுக்கிட்டு ஓரமா உட்கார்ந்திருக்கா, சுத்தி பதினெட்டு பசங்க. நான் ஈரல் எப்படி தொட்டுப் பார்க்கணும்னு சொல்ல ஆரம்பிச்சு குழந்தை வயித்துல கைய வச்சேன், டீன் ஆபீஸ்ல இருந்து போன், ஏதோ ஒரு ஸ்டேட்மென்ட் உடனே வேணுமாம். பேசிட்டு வந்து மறுபடி ஆரம்பிச்சேன், ஸ்டோர்ல இருந்து ஆள், இன்டென்ட்ல (சாமான் கேட்கிற படிவத்துல) கையெழுத்து. மூணாவது தடவ ஏஓ (நிர்வாக அதிகாரி) ஆபீஸ். நாலாவது போனுக்கு வெளிய போயிட்டு திரும்பி வந்தப்பதான் பின் வரிசைய பார்த்தேன், ஏழெட்டு பேரு சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு இருந்தாங்க, அவங்களுக்கு குழந்தையே தெரியல, அந்த அம்மா கால் மரத்துப்போய் உட்காரவும் முடியாம எழுந்திரிக்கவும் முடியாம இருந்தா. அந்த ஒரு மணி நேரத்துல குழந்தை வயித்துல கை வச்சுப் பார்த்த ஸ்டூடன்ட் மூணே பேரு. இதுல என்ன கொடுமைன்னா, நோட்டுல எழுதலேன்னா "கிளாஸ் எடுத்தாச்சு"ன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

ரெண்டு வாரம் கழிச்சு அந்த நோட்ட எடுத்து மூணு கலர் பேனாவால கோடு போடுங்க. பேஷன்ட்டோட இருந்த நேரம், ஸ்டூடன்ட்டோட இருந்த நேரம், பேப்பரோட இருந்த நேரம். எனக்கு பேப்பர் கலர்தான் பக்கம் முழுக்க. உங்களுக்கும் அப்படி இருந்தா பயப்படாதீங்க, அது உங்க குணம் கிடையாது, நம்ம அமைப்பு அப்படி.

அமைப்பு ஏன் அப்படி இருக்குன்னு புரிஞ்சுக்கணும்

தமிழ்நாட்டு அரசு காலேஜ்ல டீன்னா காலேஜுக்கும் அவர்தான், கூடவே இருக்கிற ஆஸ்பத்திரிக்கும் அவர்தான். ஆக்சிஜன் லைன்ல இருந்து ஹாஸ்டல் சாப்பாடு வரைக்கும் அவர் தலையில. அந்த பாரம் அப்படியே கீழ எச்ஓடிக்கு இறங்குது, நீங்க வாத்தியார், யூனிட் சீஃப், டிபார்ட்மென்ட் கணக்குப்பிள்ளை மூணும் ஒரே ஆள். இதுக்கு மேல என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) போர்ட்டல்ல வருஷா வருஷம் ஏத்த வேண்டிய விவரம், முகம் காட்டிப் போடுற ஆதார் அட்டெண்டன்ஸ், அதுல 75 சதவீதம் இல்லைன்னா அந்த ஆசிரியரையே கணக்குல எடுக்க மாட்டாங்கங்கிற கவலை, எம்எல்சி கேஸுக்கு (போலீஸ் சம்பந்தப்பட்ட கேஸுக்கு) கோர்ட்டு சம்மன், கேம்ப், விஐபி டியூட்டி. பிஜி பசங்க மூணு மாசம் மாவட்ட ரெசிடென்சிக்கு (மாவட்ட ஆஸ்பத்திரி போஸ்டிங்குக்கு) போயிடுவாங்க, அது நல்ல திட்டம்தான், தாலுகா அளவுல என்ன நடக்குதுன்னு அவங்க பார்க்கணும், ஆனா அந்த மூணு மாசம் இங்க டியூட்டி பாக்க ஆள் குறையும், அத முன்னாடியே ரோஸ்டர்ல போட்டு வைக்கலேன்னா கடைசியில நீங்கதான் ஓபியில உட்காரணும்.

புது காலேஜ்ல இருக்கிறவங்களுக்கு இன்னும் கஷ்டம். 2022 ஜனவரி 12ல விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரின்னு ஒரே நாள்ல 11 அரசு காலேஜ் திறந்தாங்க. நம்ம மாநிலத்துக்கு பெரிய விஷயம் அது, மனசார சொல்றேன், கள்ளக்குறிச்சிக்காரங்க சீரியஸான குழந்தைய தூக்கிக்கிட்டு வேற ஊருக்கு ஓட வேண்டியிருந்த காலம் எனக்குத் தெரியும். ஆனா மாவட்ட ஆஸ்பத்திரியா இருந்த இடம் ஒரு நாள்ல டீச்சிங் ஆஸ்பத்திரியா மாறிடாது, அங்க எச்ஓடியா போறவங்களுக்கு முன்னாடி இருந்தவர் விட்டுட்டுப் போன பழக்கம்னு ஒன்னு கிடையாது, எல்லாத்தையும் நீங்கதான் முதல் தடவ பண்ணணும். அத ஒரு சாதகமா எடுத்துக்கோங்க, கெட்ட பழக்கமும் இன்னும் வரலை இல்லையா.

நேரத்துக்கு வேலி போடுறது

நான் பண்ணினது ரொம்ப சின்ன விஷயம். காலையில ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் நான் வார்டுல இருப்பேன், பேப்பர் எதுவா இருந்தாலும் மத்தியானம் ரெண்டுல இருந்து மூணரை வரைக்கும்தான்னு சொல்லிட்டேன். சொன்னா மட்டும் நடக்காது. டீன்கிட்ட நேர்ல போய், "சார், ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அவசரம்னா என் ஏபி (அசிஸ்டன்ட் ப்ரொபசர்) போன எடுப்பாரு, அவர்கிட்ட எல்லா கணக்கும் இருக்கும், அவர் சொல்றது நான் சொல்றது மாதிரி"ன்னு சொன்னேன். டீனுக்கு உங்க மேல கோபம் வர்றது பெரும்பாலும் பதில் கிடைக்காதப்பதான், பதில் யாரு சொன்னா என்ன. அதுக்காக டிபார்ட்மென்ட்ல எல்லாரும் கேட்கிற பத்து புள்ளிவிவரம், அதாவது ஓபி கணக்கு, அட்மிஷன், இறப்பு, பெட் எத்தனை, ஆசிரியர் எத்தனை, காலியிடம் எத்தனை இதெல்லாம் ஒரே ஷீட்ல வச்சு ஒவ்வொரு சனிக்கிழமையும் புதுப்பிச்சுடுங்க. அந்த ஒரு ஷீட் எனக்கு வாரத்துக்கு ஏழெட்டு போனை மிச்சம் பண்ணிக் கொடுத்துச்சு.

அந்த வேலைய எந்த ஏபிகிட்ட கொடுக்கிறீங்கங்கிறது முக்கியம். நல்லா எழுதுறவங்க தலையில எல்லா பேப்பரையும் கட்டிடுவோம் நாம, அவங்க கிளாஸ் எடுக்கிறதே நின்னு போயிடும், அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மாத்துங்க. கிளர்க் சீட்ல இருக்கிற ஜூனியர் அசிஸ்டன்ட்ட மரியாதையா நடத்துங்க, அவங்க பேர் சொல்லிக் கூப்பிடுங்க, ஒரு ஃபைல் எங்க நிக்குதுன்னு டைரக்டரேட்டுக்கே தெரியாதது அவங்களுக்குத் தெரியும்.

அப்புறம் அந்த கிளினிக்கல் கிளாஸ். பதினெட்டு பேர மூணா பிரிச்சேன், ஆறு ஆறு பேரு, மூணு கட்டில், ஒரு ப்ரொபசர், ஒரு ஏபி, ஒரு சீனியர் ரெசிடென்ட். குழந்தையோட அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டோம், முன்னாடியே கேட்டு சம்மதம் வாங்கினோம், ஒரே குழந்தைய ஒரு நாளைக்கு ஒரு குரூப்புக்கு மேல தொடக்கூடாதுன்னு வச்சோம். ஆட்கள் கூடலை, காசு செலவாகலை. ரெண்டாவது மாசம் எல்லா பசங்களும் ஈரல் விளிம்ப விரலால தொட்டுட்டாங்க.

உங்க கையில என்ன இருக்கு, என்ன இல்ல

இத தெரிஞ்சுக்காமத்தான் பல பேர் கசந்து போறாங்க. யாரு உங்க டிபார்ட்மென்ட்டுக்கு வரணும், யாரு டிரான்ஸ்பர்ல போகணும், புது வென்டிலேட்டர் எப்ப வரும், காலியிடம் எப்ப நிரம்பும், இதெல்லாம் சென்னையில முடிவாகும், நீங்க லெட்டர் எழுதலாம், நினைவூட்டலாம், அவ்ளோதான். ஆனா டைம்டேபிள் உங்க கையில இருக்கு. பிஜி டியூட்டி ரோஸ்டர் உங்க கையில. எந்த கிளாஸ யாரு எடுக்கணும், இன்டர்னல் அசெஸ்மென்ட் எப்படி வைக்கணும், மார்ட்டாலிட்டி மீட்டிங்ல (இறந்துபோன கேஸ்கள அலசுற கூட்டத்துல) எந்தக் குரல்ல பேசணும், ஹவுஸ் சர்ஜன கூப்பிட்டு பாராட்டணுமா இல்லையா, எல்லாம் உங்க கையில. முதல் லிஸ்ட்டுக்கு வாரத்துல ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க, விடாம லெட்டர் எழுதுங்க, ஆஃபீஸ் காப்பி வச்சுக்கோங்க, மத்த நேரமெல்லாம் ரெண்டாவது லிஸ்ட்டுக்கு.

ஒரு சம்பவம் சொல்றேன். நான் வேலை பார்த்த ஒரு காலேஜ்ல பச்சக்குழந்தைக்கு மூச்சு கொடுத்துப் பழகுற பொம்மை ரெண்டு வந்திருந்துச்சு, நல்ல பொம்மை, விலையும் ஜாஸ்தி. நான் சார்ஜ் எடுத்தப்ப ரெண்டும் ஸ்டோர்ல அட்டைப்பெட்டிக்குள்ள, டேப் கூட பிரிக்காம இருந்துச்சு, இன்ஸ்பெக்ஷன் வந்தா வெளிய எடுத்து மேஜையில வச்சுட்டு திரும்ப உள்ள வச்சுடுவாங்களாம். எனக்கு முதல்ல பயங்கர கோபம். அப்புறம் ஸ்டாக் பார்த்துக்கிட்டு இருந்த ஏபிகிட்ட உட்கார்ந்து பேசினப்பதான் புரிஞ்சுது, அந்த பொம்மை ஸ்டாக் ரெஜிஸ்டர்ல அவர் பேர்ல இருக்கு, உடைஞ்சா அவர் பதில் சொல்லணும், ரிட்டயர் ஆகும்போது நோ டியூ (பாக்கி இல்லங்கிற சான்று) கிடைக்காதுன்னு பயம். அந்த மனுஷனுக்கு சோம்பேறித்தனமும் கிடையாது, அலட்சியமும் கிடையாது. சொந்தப் பணத்துல கட்ட வேண்டி வருமோங்கிற பயத்துக்கு முன்னாடி யாரா இருந்தாலும் பெட்டிய பூட்டித்தான் வைப்பாங்க.

அதனால நான் ஒரு ஆர்டர் எழுதினேன், இந்தப் பொம்மை பழகுறதுக்குத்தான், பயன்பாட்டுல தேய்ஞ்சா உடைஞ்சா எச்ஓடி பொறுப்பு, கண்டெம்னேஷன் கமிட்டிக்கு (உபயோகமில்லாத சாமான கணக்குல இருந்து கழிக்கிற கமிட்டிக்கு) நான் எழுதிக் கொடுப்பேன்னு கையெழுத்து போட்டு ரெஜிஸ்டர்ல ஒட்டினேன். சாவி டியூட்டி பிஜிகிட்ட. யாரு எத்தனை மணிக்கு எடுத்தாங்கன்னு ஒரு நோட்டு. ஒரு வருஷத்துல ஒரு பொம்மையோட நெஞ்சு ஸ்பிரிங் போயிடுச்சு, நான் சந்தோஷமா கண்டெம்னேஷனுக்கு எழுதினேன். உங்க டிபார்ட்மென்ட்ல எது நடக்கலையோ, அதுக்குப் பின்னாடி யாரு எதுக்கு பயப்படுறாங்கன்னு முதல்ல கேளுங்க, அந்த பயத்த உங்க கையெழுத்தால வாங்கிக்க முடியுமான்னு பாருங்க. எச்ஓடி பதவியில இருக்கிற உண்மையான அதிகாரம் எனக்குத் தெரிஞ்சு அதுதான்.

ஆட்கள்

முதல் வாரமே ஒவ்வொருத்தரோடயும் தனியா அரை மணி நேரம் உட்காருங்க, ப்ரொபசர்ல இருந்து வார்டு சிஸ்டர், ஸ்வீப்பர் அக்கா வரைக்கும். ரெண்டே கேள்வி போதும், இங்க எது நல்லா நடக்குது, எத பார்த்தா உங்களுக்கு வயிறு எரியுது. பதில் சொல்லும்போது குறுக்க பேசாதீங்க, நியாயப்படுத்தாதீங்க. உங்க பேட்ச்மேட் யாராவது, இல்ல உங்களுக்கு வாத்தியாரா இருந்த சீனியர் யாராவது, ஒரு ரேங்க் தள்ளி சீனியாரிட்டி போனதால உங்களுக்குக் கீழ இருப்பாங்க, அவங்க ரூமுக்கு நீங்க போங்க, அவங்கள உங்க ரூமுக்கு கூப்பிடாதீங்க. இது சின்ன மரியாதைதான், ஆனா அடுத்த மூணு வருஷம் டிபார்ட்மென்ட் மீட்டிங் எப்படி நடக்கும்னு அந்த ஒரு நடை முடிவு பண்ணிடும்.

திட்டணும்னா கதவ சாத்திட்டு. பாராட்டணும்னா ரவுண்ட்ஸ்ல, எல்லாருக்கும் முன்னாடி, பேர் சொல்லி. நம்ம ஆளுங்க பெரும்பாலும் இத தலைகீழா பண்ணுவாங்க, பேஷன்ட்டோட அம்மா முன்னாடியே பிஜிய "உனக்கு யாரு எம்பிபிஎஸ் சீட்டு கொடுத்தா"ன்னு கேட்கிறத நானே ஸ்டூடன்ட்டா இருந்தப்ப கேட்டு வாங்கியிருக்கேன். அப்படி வளர்ந்த பிஜி ராத்திரி ரெண்டு மணிக்கு தப்பு ஒன்னு நடந்தா உங்களுக்கு போன் பண்ண மாட்டான், மறைப்பான், காலையில ரவுண்ட்ஸ்ல நமக்கு கிடைக்கிறது மூடின கேஸ் ஷீட்டு. குழந்தை உயிர் போற விஷயம் இது. உங்களுக்கு உண்மை எவ்வளவு சீக்கிரம் வந்து சேருதுங்கிறதுதான் டிபார்ட்மென்ட்டோட நாடித்துடிப்பு, அது வரணும்னா கெட்ட செய்தி கொண்டு வர்றவங்கள முதல்ல "சொன்னதுக்கு தேங்க்ஸ் ப்பா"ன்னு சொல்லிட்டுத்தான் மத்தத பேசணும்.

பிஜி டியூட்டி பத்தி கொஞ்சம் அழுத்தி சொல்றேன், இதுல நான் தப்பு பண்ணியிருக்கேன். முதல் வருஷம் ரோஸ்டர சீஃப் ரெசிடென்ட்கிட்ட விட்டுட்டேன், பார்க்கவே இல்ல. ஒரு நாள் காலையில ஒரு கேஸ் ஷீட்ட திறந்தா, ஃப்ளூயிட் கணக்கு எழுதிக்கிட்டே வந்து நடுவுல பேனா கோடு அப்படியே கீழ இழுத்துக்கிட்டு பக்கத்தோட ஓரம் வரைக்கும் போயிருக்கு. எழுதினபடியே தூங்கிட்டான். விசாரிச்சா முப்பத்தாறு மணி நேரமா டியூட்டியில இருக்கான். குழந்தைக்கு ஒன்னும் ஆகல, அது எங்க அதிர்ஷ்டம். என்எம்சியோட 2023 பிஜி விதிமுறையிலயே நியாயமான வேலை நேரம், ஓய்வு, வாரம் ஒரு நாள் லீவுன்னு போட்டிருக்கு, 2024ல மனநலத்துக்கான டாஸ்க் ஃபோர்ஸ் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு சொல்லிச்சு. ஆள் பத்தல, அது உண்மை, ஆனாலும் ராத்திரி டியூட்டி பார்த்தவன மறுநாள் மத்தியானம் பன்னெண்டுக்கு வீட்டுக்கு அனுப்புறத உங்களால முடிவு பண்ண முடியும். ரோஸ்டர ஒவ்வொரு மாசமும் நீங்களே பாருங்க, பேருக்கு பக்கத்துல மணி நேரத்த கூட்டிப் போடுங்க.

ராகிங் விஷயத்துல ஒரு வரிதான். தமிழ்நாட்டுல தடைச் சட்டம் 1997லயே வந்துடுச்சு, ஆனா வார்டுல சீனியர் பிஜி ஜூனியர் பிஜிய நடத்துற விதம் ராகிங் எதிர்ப்பு போஸ்டர்ல வராது, அத கண்ணால பார்க்கிற ஒரே ஆள் எச்ஓடி.

பாடத்திட்டத்த பேப்பரா மட்டும் பார்க்காதீங்க

2019 எம்பிபிஎஸ் பேட்ச்ல இருந்து சிபிஎம்இ (திறன அடிப்படையா வச்ச பாடத்திட்டம்) வந்துச்சு. அதுக்கு முன்னாடி எவ்வளவு தெரிஞ்சிருக்குன்னு பார்த்தோம், இப்ப என்ன செய்யத் தெரியும்னு பார்க்கச் சொல்றாங்க, ஆரம்பத்துலயே பேஷன்ட்ட காட்டணும், ஏட்காம்னு நடத்தை, நெறிமுறை, பேச்சு எல்லாத்தையும் சேர்த்து சொல்லித் தரணும், லாக்புக் (செஞ்சு பழகினத எழுதி கையெழுத்து வாங்குற நோட்டு), பின்னாடி சேர்ந்த குடும்பத் தத்தெடுப்பு (ஸ்டூடன்ட் சில குடும்பங்கள பொறுப்பெடுத்து ஆரோக்கியத்த கவனிக்கிறது)ன்னு நிறைய. நிறைய காலேஜ்ல என்ன ஆச்சுன்னா லாக்புக் ஒரு கையெழுத்து வேட்டையா போயிடுச்சு, பரிட்சைக்கு முந்தின வாரம் பசங்க நூறு பக்கத்தத் தூக்கிக்கிட்டு ஸ்டாஃப் ரூம் வாசல்ல நிப்பாங்க. இத நிறுத்துறதுக்கு ஒரே வழி, பேஷன்ட் பக்கத்துலயே, பார்த்த அன்னைக்கே கையெழுத்து, அதுக்கப்புறம் கேட்டா கிடையாதுன்னு எல்லா ஸ்டாஃபும் சேர்ந்து முடிவு பண்றது. ஒருத்தர் இளகினாலும் போச்சு.

எல்லாத்தையும் ஒரே வருஷத்துல சரி பண்ணப் பார்க்காதீங்க. ஒரு விஷயம் எடுத்துக்கோங்க. நான் எடுத்துக்கிட்டது, ஒவ்வொரு ஸ்டூடன்ட்டும் போஸ்டிங் முடியறதுக்குள்ள ஒரு தடவயாவது கேஸ் ஹிஸ்டரி எடுக்கிறத முழுசா ஒரு ஆசிரியர் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும், பதினஞ்சு நிமிஷம் பார்க்கிறது, அஞ்சு நிமிஷம் பேசுறது. நம்ம மெடிக்கல் காலேஜ்ல ஒரு பையன் ஃபைனல் இயர் முடிக்கிற வரைக்கும் அவன் பேஷன்ட்கிட்ட எப்படி பேசுறான்னு ஒருத்தரும் பார்க்காமலே போக முடியும், அவன் நம்மகிட்ட வந்து ஒப்பிக்கிறத மட்டும்தான் கேட்கிறோம்.

அப்படி உட்கார்ந்து பார்த்தப்ப நடந்தத சொல்லியே ஆகணும். 2020ல அரசுப் பள்ளி பசங்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு சட்டம் வந்துச்சு, அதுல வந்த ஒரு பொண்ணு, தமிழ் மீடியம், கிளாஸ்ல வாயே திறக்க மாட்டா, கேஸ் பிரசன்ட் பண்ணச் சொன்னா அழுதுடுவா, ஸ்டாஃப் மீட்டிங்ல "வீக் ஸ்டூடன்ட்" லிஸ்ட்ல முதல் பேரு அவளோடது. அன்னைக்கு நாலு மாசக் குழந்தை, எடை ஏறல. முதல்ல ஒரு பையன் ஹிஸ்டரி எடுத்தான், சரளமா இங்கிலீஷ் பேசுறவன், அம்மாகிட்ட "ஃபீடிங்ல எதாவது டிஃபிகல்ட்டி இருக்கா"ன்னு கேட்டான், அந்த அம்மா இல்லன்னு தலையாட்டினா, அவனும் இல்லன்னு எழுதிக்கிட்டான். அடுத்து இந்தப் பொண்ணு போய் அம்மா பக்கத்துல குத்த வச்சு உட்கார்ந்து, குழந்தை கால புடிச்சுக்கிட்டே கேட்கிறா, "அக்கா, தம்பி பால் குடிக்கிறப்ப நடுவுல விட்டுட்டு விட்டுட்டு மூச்சு வாங்குறானா, நெத்தியெல்லாம் வேர்க்குதா?" அந்த அம்மா டக்குனு நிமிர்ந்து, "ஆமா தாயி, ரெண்டு வாய் குடிப்பான் விட்டுருவான், தலையெல்லாம் நனைஞ்சு போயிரும், நான் வெயிலுன்னு நினைச்சேன்"னு சொன்னா. ஸ்டெதாஸ்கோப் வைக்கிறதுக்கு முன்னாடியே இதயத்துல கோளாறுன்னு அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சுட்டா. எக்கோ எடுத்தோம், பெரிய விஎஸ்டி (இதயத்தோட கீழ் அறை ரெண்டுக்கும் நடுவுல ஓட்டை).

அன்னைக்கே டிபார்ட்மென்ட்ல முடிவு பண்ணினோம், போஸ்டிங்ல முதல் ஒரு மாசம் யாரு வேணும்னாலும் தமிழ்லயே கேஸ் பிரசன்ட் பண்ணலாம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இங்கிலீஷ், யூனிவர்சிட்டி பரிட்சை இங்கிலீஷ்ல இருக்கு, அதுக்கு தயார் பண்றதும் நம்ம கடமை. இங்கிலீஷ் நல்லா வர்ற பசங்களுக்கு தமிழ்ல ஹிஸ்டரி கேட்கிற பயிற்சி, இளைப்பு, மாந்தம், செவ்வாப்பு, ஊரு சனங்க என்ன சொல்லி என்ன அர்த்தம் வச்சுக்குறாங்கன்னு வார்டு சிஸ்டர் ஒருத்தங்களே கிளாஸ் எடுத்தாங்க. இதுக்கெல்லாம் எந்த ஜிஓவும் (அரசாணையும்) தேவைப்படலை.

நீங்களும் படிக்கணும்

மெடிக்கல் எஜுகேஷன் பேசிக் கோர்ஸ் மூணு நாள், அத புரமோஷனுக்கு வேணும்னு போய் உட்கார்ந்துட்டு வர்றவங்க நிறைய. தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க. ஜிப்மர்ல ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற சென்டர் 1970கள்ல இருந்தே இருக்கு, வேலூர் சிஎம்சி இந்தப் பயிற்சிக்கு நோடல் சென்டரா இருக்கு, கோயம்புத்தூர் பிஎஸ்ஜி மெடிக்கல் காலேஜ்ல ஃபெய்மர்னு மருத்துவ ஆசிரியர்களுக்கான ஒரு ஃபெலோஷிப் நடத்துறாங்க. ஃபெய்மர் மாதிரி கோர்ஸ்ல போதனா முறைய விட எனக்கு பெருசா தெரிஞ்சது, உங்க காலேஜ்ல ஒரு சின்ன மாற்றத்த ஒரு ப்ராஜெக்ட்டா எடுத்து, எதிர்க்கிறவங்கள எப்படி கூட சேர்த்துக்கிறதுங்கிறதுல இருந்து பழக வைக்கிறாங்க. போக முடியலேன்னா வேற ஊரு எச்ஓடிங்க நாலு பேர் சேர்ந்து மாசம் ஒரு நாள் போன்ல பேசுங்க, அதுவே பாதி பாரத்த இறக்கி வச்சிடும். இந்த நாற்காலியில தனியா இருக்கிற உணர்வு ஜாஸ்தி, பக்கத்து ரூம்ல இருக்கிறவங்ககிட்ட சொல்ல முடியாதத வேற ஊர்ல இருக்கிறவங்ககிட்ட சொல்லலாம்.

ஓபிய விட்டுடாதீங்க. எச்ஓடி ஆனதும் ஓபி ரூம ஏபிகிட்ட விட்டுட்டு போறவங்க உண்டு, ரெண்டே வருஷத்துல கை மழுங்கிடும், அப்புறம் பிஜி உங்க பேச்சக் கேட்க மாட்டான், அவன் கேட்காததுல தப்பும் இல்ல.

விட்டுப் போறதுக்கு, வந்த முதல் நாள்லயே தயாராகுங்க

டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் மெட்ராஸ் யூனிவர்சிட்டிக்கு 1942ல இருந்து 1969 வரைக்கும் 27 வருஷம் துணைவேந்தரா இருந்தாரு. இன்னைக்கு நமக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அரசு டாக்டருக்கு ரிட்டயர்மென்ட் 60ல, சீனியாரிட்டியில ஏறி எச்ஓடி, டீன்னு வரும்போது பல பேருக்கு ரெண்டு மூணு வருஷம்தான் பாக்கி இருக்கும், நடுவுல டிரான்ஸ்பர் வேற. நீங்க ஆரம்பிச்ச எதுவும் உங்க பேர்ல இருந்தா நீங்க போனதும் நின்னுடும், நான் ஆரம்பிச்ச மார்ட்டாலிட்டி மீட்டிங் ஒன்னு நான் மாறிப் போன ரெண்டாவது மாசம் நின்னு போச்சு, ஏன்னா அதோட லிஸ்ட்ட தயார் பண்றது, ஆளக் கூப்பிடுறது, மினிட்ஸ் எழுதுறது எல்லாம் நானே பண்ணிக்கிட்டு இருந்தேன், இன்னொருத்தருக்கு பழக்கி விடல. ரெண்டாவது காலேஜ்ல அத ரெண்டு ஏபிகிட்ட முதல் நாள்ல இருந்தே கொடுத்தேன், நான் ஓரமா உட்கார்ந்திருப்பேன், இன்னும் நடக்குதுன்னு கேள்விப்படுறேன்.

அந்த நாப்பது பக்க நோட்டுல கடைசி பத்து பக்கத்த முதல் நாளே காலியா விட்டு வைங்க. எந்த மிஷினுக்கு ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) எப்ப முடியுது, எந்த ஃபைல் எந்த சீட்ல எத்தனை மாசமா நிக்குது, எந்த ஏபிக்கு வீட்ல வயசான அம்மா இருக்காங்க அதனால ராத்திரி டியூட்டி கஷ்டம், எந்த பிஜி சொல்லாம கஷ்டப்படுறான், எந்த ஸ்டூடன்ட்ட "வீக்"னு எழுதிட்டு அப்புறம் அந்த வார்த்தைய அடிச்சு எடுத்தீங்க, இதெல்லாம் தெரிய வரும்போது தெரிய வரும்போது எழுதிக்கிட்டே வாங்க. ஆர்டர் வந்த அன்னைக்கு சார்ஜ் லிஸ்ட்டோட சேர்த்து அடுத்து வர்றவங்க கையில அந்த நோட்ட கொடுங்க, முடிஞ்சா அவங்கள கூட்டிக்கிட்டு வார்டுக்குப் போய், ஒன்பதரை மணி கிளாஸ் நடக்கும்போது ஓரமா நின்னு காட்டுங்க.